குறி போடாத துணிகள்

2006இல் நான் எழுதிய திட்ட அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் இப்படி ஒரு வசனம் இருக்கிறது: "சேவையை நடத்தும் பொறுப்பாளரைப் பாவனையாளர்களே ஒருமனதாகத் தெரிவு செய்தனர்." அதில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பொறுப்பாளரின் பெயர் சந்திரகாந்தா. அறிக்கையில் அவர் பெயர் இல்லை, பெயர் எழுதப் படிவத்தில் இடமும் இல்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன். தெரிந்ததில் பாதி, பிழை நடந்த பிறகு தெரிந்துகொண்டது.

சந்திரகாந்தா 1960இல் ரத்தொட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். எழுபத்து மூன்றாம் ஆண்டுப் பஞ்சத்தில், ரொட்டிக்கு மாவு கிடைக்காத மாதங்களில், கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்தார். 1979இல் எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த சிவலிங்கத்துக்கு அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டும் வண்ணார் குடும்பங்கள். சம்பந்தம் வந்ததே அதனால்தான்.

சிவலிங்கத்தின் வீடு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இல்லை. இரண்டு லயங்களுக்கும் கீழே, தண்ணீர் விழும் பீலியைத் தாண்டி, ஓடைக்கரையில் தனியாக இருந்தது. அவருடைய தகப்பன் இருபத்தெட்டு வீட்டுத் துணி வெளுத்தார். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி உண்டு. சேங்கொட்டைச் சாற்றில் குச்சியைத் தொட்டுக் கழுத்துப்பட்டியின் உட்புறம் வைப்பார்கள். இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு கோட்டின் மேல் மூன்று புள்ளி என்று இருபத்தெட்டு விதம். மாமியாருக்குக் கண் மங்கிவிட்டதால், வந்த மூன்று மாதத்தில் சந்திரகாந்தா எல்லாக் குறியையும் பாடமாக்கிக்கொண்டார்.

சிவலிங்கத்துக்கு ஓடையில் துணி அடிக்கும் அந்தக் கல்லடியில் நிற்க விருப்பமில்லை. மாத்தளை டவுனில் ஒரு லோண்டரியில் துணி தேய்க்கப் போனார். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அந்தத் தெரு எரிந்தபோது லோண்டரியும் எரிந்தது. காட்டு வழியாக நடந்து தோட்டத்துக்கு வந்தவர், திரும்பவும் வெளுக்கப் போகவில்லை. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து கேங்கில் சேர்ந்துகொண்டார். அடுத்த வருடம் தகப்பன் இறந்தார். லயத்தில் வெளுப்பு நின்றது. அவரவர் துணியை அவரவர் பீலியில் அடித்துக்கொண்டார்கள்.

அதே வருடம்தான் பிள்ளை மடுவத்து வேலை வந்தது. தாய்மார் மலைக்குக் கொழுந்துக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள். எழுத வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. சந்திரகாந்தா பெயர் கொடுத்தார்.

மலைக்குப் போகிற அவசரத்தில் சாதி பார்க்க யாருக்கும் நேரமில்லை என்று தோட்டத்தில் சொல்வார்கள். நேரம் இருந்தது. முதல் எட்டு மாதம் தாய்மார் பாலை வீட்டிலேயே கரைத்து, கரண்டியும் கொண்டு வந்தார்கள். தேத்தண்ணி நேரத்தில் மலையிலிருந்து இறங்கி வந்து தாங்களே ஊட்டிவிட்டுப் போனார்கள். சந்திரகாந்தா தொட்டில் ஆட்டலாம், ஈ விரட்டலாம். பிறகு சின்னமுத்து என்கிற அம்மை நோய் வந்தது. பதினொரு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல். இரண்டு வாரம் அவர் வீட்டுக்குப் போகாமல் மடுவத்திலேயே கிடந்து பார்த்தார். அதற்குப் பிறகு கரண்டி வரவில்லை.

பிள்ளைகள் அவரை ஆயம்மா என்றார்கள். பிள்ளைகளைப் பார்த்துத் தாய்மாரும் அப்படியே கூப்பிட்டார்கள். நான் போனபோது அவர் இருபத்திரண்டு வருடமாக ஆயம்மா. அன்றைய தாய்மாரில் பாதிப்பேர் அவர் தொட்டிலில் தூங்கியவர்கள். தனக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான் என்று இப்போது சொல்ல முடிகிறது. அப்போது எனக்கு அது வேலையின் பெயராகத்தான் பட்டது.

எங்கள் அலுவலகம் கண்டியில் இருந்தது. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பொருளையும் வாங்கிக் குவிப்பதைக் குறைத்து, ஒரு பொருளைப் பலர் சேர்ந்து பாவிக்கும் சேவைகளை உருவாக்குவது திட்டம். "பொருள் வேண்டியதில்லை, அதன் பயன்தான் வேண்டும்" என்பார் எங்கள் இணைப்பாளர் நோபர்ட் சார். சேவையை நாங்கள் வடிவமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது, பாவிக்கப்போகிறவர்களோடு உட்கார்ந்து வடிவமைக்க வேண்டும் என்பது அவருடைய விதி. எனக்கு அது பிடித்திருந்தது. இன்றும் பிடித்திருக்கிறது. லயத்தில் பிறந்து பட்டம் வாங்கி, லயத்துக்கே கேள்வி கேட்கப் போகிறவளுக்கு அது ஒரு ஆறுதலான விதி.

முதற் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்தில் நடந்தது. மாத்தளைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டை பார்த்ததால் ஒரு மணித்தியாலம் பிந்திப் போனேன். முப்பது பெண்கள் பாயில் காத்திருந்தார்கள்.

"எதைப் பொதுவா வச்சுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

மரிய கொறற்றி முதலில் வாய் திறந்தார். மேல் லயத்தில் இருப்பவர். வஹகோட்டைத் தேவாலயத் திருநாளுக்கு வருடா வருடம் லொறி பிடித்து ஆள் சேர்ப்பவரும் அவர்தான்.

"புருசனப் பொதுவுல வைக்கலாமா மிஸ்? எங்க வீட்டுல ஒண்ணு சும்மாதான் கெடக்கு."

"அது பழுதாப்போன சாமான். யாரும் எடுக்க மாட்டாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு அடங்கியபின் பேச்சு நடந்தது. கிரைண்டர் வேண்டாம் என்றார்கள். ஒரு வீட்டில் கருவாடு அரைப்பார்கள், மற்ற வீட்டில் விரதம். இஸ்திரிப்பெட்டி எல்லா வீட்டிலும் ஏற்கனவே இருந்தது. கடைசியில் துணியில் வந்து நின்றது. ஐப்பசியிலிருந்து தை வரை அந்த மலையில் வெயில் கிடையாது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையை அடுப்புக்கு மேலே காயப்போட்டால் புகை நாறும். கொழும்பில் வீட்டு வேலைக்கு இருந்து வந்த ஒருத்தி, மிஷினில் சுற்றி எடுத்தால் துணி பாதி காய்ந்து வரும் என்றாள். எல்லோருக்கும் அது பிடித்துக்கொண்டது.

மிஷினை எங்கே வைப்பது? மடுவத்தில் சிமெந்துத் தரை, குழாய், கரண்ட் மூன்றும் இருந்தன. யார் பார்த்துக்கொள்வது?

"ஆயம்மாதான். வேற யாரு?"

எல்லாக் கையும் உயர்ந்தன. சந்திரகாந்தா பின்பக்கம் பால் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒருமனதாக என்று எழுதிக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்திலும் ஒரு வண்ணார் வீடு இருந்தது. பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் தோட்டச் சாதி பற்றிப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதி நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை. இங்கே யார் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கேட்பது அநாகரிகம் என்று நினைத்ததாகவும் ஞாபகம்.

மிஷின் வந்தது. இரண்டு தொட்டி உள்ளது. ஒன்றில் துவைத்த துணியைக் கையால் எடுத்து மற்றதில் போட்டுப் பிழிய வேண்டும். வீட்டுக்கு ஒரு முறை என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவரவர் வந்து அவரவர் துணியைப் போட வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் வாரம் வந்தார்கள். இரண்டாம் வாரம், காலையில் பெரட்டுக்கு ஓடும் நேரத்தில் பிள்ளையை இறக்கிவிட்டு, கூடவே ஒரு மூட்டையையும் வைத்தார்கள்.

"ஆயம்மா, அப்புடியே போட்டு எடுத்து வச்சிருங்க. பெரட்டு மணி அடிச்சாச்சு."

ஆள் பெயர் கூப்பிடும்போது அங்கே நிற்காவிட்டால் அரை நாள் வேலை போய்விடும் என்பது சந்திரகாந்தாவுக்குத் தெரியும். போட்டார். மூட்டைகள் கூடின. துணிகள் மாறின. ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி வெள்ளைச் சட்டைகள். ஒரு வீட்டுச் சட்டை இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சண்டை வந்தது.

நான் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொரு வீட்டுத் துணியின் மூலையிலும் கலர் நூலால் அடையாளம் தைத்துவிட்டால் மாறாது. லயக் காம்பராவின், அதாவது அறையின், இலக்கத்தையே தைக்கலாம்.

"ரெண்டு லயத்துலயும் அதே நம்பர்தானே இருக்கு மிஸ். கொழம்பிரும்" என்றார் சந்திரகாந்தா. மடியில் மூட்டைகள் குவிந்திருந்தன, தொட்டிலில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. காலால் தொட்டிலை ஆட்டியபடியே ஊசியில் நூல் கோத்து ஒரு சட்டையை எடுத்தார். கழுத்துப்பட்டியின் உட்புறம் இரண்டு புள்ளி, ஒரு கோடு வந்தது. அடுத்த சட்டைக்கு ஒரு கோடு, மேலே மூன்று புள்ளி.

"எந்த வீட்டுக்கு எதுன்னு எப்புடி ஞாபகம் வச்சுக்குவீங்க?"

"இருக்கும் மிஸ்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படம் எடுத்து நோபர்ட் சாருக்கு அனுப்பினேன். பாவனையாளரே உருவாக்கிய அடையாள முறை என்று அவர் அதை ஒரு கருத்தரங்கில் காட்டினார். அந்தக் கை பழைய வேலையைத் தானாகச் செய்துவிட்டது என்பது அங்கே யாருக்குத் தெரியும்? சந்திரகாந்தாவுக்கே அன்று மாலை வீட்டுக்குப் போனபிறகுதான் உறைத்ததாம்.

லயத்தில் குறியை முதலில் கண்டவர் இராமசாமி. ஓய்வுபெற்ற கங்காணி. சட்டையைப் போடும்போது கழுத்தில் நூல் உறுத்தியது, கழற்றிப் பார்த்தார். அவருக்குக் கோபமில்லை. தொலைந்த பொருள் கிடைத்த மாதிரி சந்தோஷம். சட்டையை எடுத்துக்கொண்டு லயம் முழுக்க நடந்தார்.

"நம்ம வீட்டுக் குறி. அப்பன் காலத்துக் குறி. பாத்தியளா, வண்ணாத்தி மறக்கல."

இளைய ஆட்கள் பலருக்கு அந்தக் குறிகளைத் தெரியாது. அன்று தெரிந்துகொண்டார்கள். இரண்டு நாள் கழித்து, மூட்டையை வைத்துவிட்டுப் போன ஒருத்தி படியிறங்கும்போது இன்னொருத்தியிடம், "வண்ணாத்திகிட்ட குடுத்தாச்சு" என்று சொல்லிச் சிரித்தது உள்ளே கேட்டது. அவள் இந்த மடுவத்தில் வளர்ந்தவள்.

அடுத்த கிழமை இராமசாமியே மடுவத்துக்கு வந்தார். பிள்ளை விட வந்த தாய்மார் நாலைந்து பேர் அங்கே நின்றார்கள்.

"சந்திரகாந்தா, பேத்தி பெரிய மனுசி ஆயிட்டா. சடங்குக்கு மாத்து ஒங்க வீட்டுலருந்துதான் வரணும். ஒங்க மாமனாரோட நின்னு போனது. இப்பதான் மிஷினும் கையில இருக்கே, ஒனக்கு என்னா கஷ்டம்."

மாத்து என்பது சடங்கு வீட்டுக்கு வண்ணார் வீட்டிலிருந்து வெளுத்துக் கொண்டுவரும் துணி. கொண்டுவருபவர் வாசலில் நிற்க வேண்டும். ஒரு தட்டில் அரிசியும் காயும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

சந்திரகாந்தா பதில் சொல்லவில்லை. இராமசாமி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் முதற் கூட்டத்தில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் கமெராவோடு போனேன். சந்திரகாந்தா மிஷினின் வயரைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தார்.

"மிஸ், இத எடுத்துட்டுப் போயிருங்க."

"ஏன் ஆயம்மா, பழுதா?"

"இல்ல. நல்லா வேல செய்யுது. அதான்."

எனக்கு விளங்கவில்லை. நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். குறி, இராமசாமி, மாத்து. அழவில்லை. பால் மாவு முடிந்துவிட்டது என்று சொல்லும் அதே குரல்.

"எல்லாருஞ் சேந்துதானே ஒங்களத் தெரிவு செஞ்சாங்க" என்றேன். "நாங்க கேட்டுத்தானே செஞ்சோம்."

"கூட்டத்தக் கேட்டீங்க. என்னயக் கேக்கல."

"நீங்க வேணாம்னு சொல்லலியே."

"வேணாம்னா ஏன்னு கேப்பீங்க. அத நானே என் வாயால சொல்லணும்."

அவர் ஒரு பிள்ளையைத் தூக்கி மூக்கைத் துடைத்துவிட்டார்.

"பேரு மாறறதுக்கு இருவது வருசம் ஆச்சு மிஸ். திரும்பிப் போறதுக்கு ரெண்டு மாசம் போதும் போல."

சிவலிங்கம் மத்தியானம் கவ்வாத்துக் கத்தியோடு வந்தார். மிஷினின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். லோண்டரியில் இருந்த ஆள், இயந்திரத்தை மதிக்கத் தெரிந்தவர்.

"நல்ல மிஷினு மிஸ். தொட்டி நல்லாருக்கு. ஆனா இதுவும் கல்லுதான். கரண்டுல ஓடுற கல்லு."

மிஷினைத் திருப்பி எடுத்துப் போகலாம் என்றேன். சந்திரகாந்தா கட்டியிருந்த வயரை அவிழ்த்தார். எடுத்துப் போனால் வண்ணாத்தி கோபத்தில் மிஷினை அனுப்பிவிட்டாள் என்று அதையும் அந்தப் பெயரிலேயே சொல்வார்கள் என்றார். "கூட்டத்தக் கூட்டுங்க. நான் பேசுறேன்."

இரண்டாம் கூட்டத்துக்கு ஆண்களும் வந்தார்கள். இராமசாமி முன்னால் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். சந்திரகாந்தா சுவரோரமாக நின்று பேசினார். அந்த மடுவத்தில் அவர் ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேசியதை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

"மிஷினு இங்க வேணாம். பீலிப் பக்கம் ஒரு கூடாரம் அடிச்சு வைப்போம். யாரு துணியோ அவங்க கை. யாரும் யாருகிட்டயும் மூட்ட குடுக்கக் கூடாது. பூட்டு போட்டு, தெறப்பு ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் போகட்டும். எங்க வீட்டுக்கும் ஒரு நாள் வேணும். திங்கக்கிழம, மொத நாள்."

"நீயில்லாம யாரு பாத்துக்குறது?" என்றார் இராமசாமி.

"பாத்துக்க ஆள் வேணாம். கை இருந்தா போதும்." பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "ஒரு கேள்வி. எங்க துணி சுத்துன தொட்டியில அடுத்த நாள் யாரு துணி போடுவீங்க? இப்பவே சொல்லிருங்க. பொறகு பிரச்சின வேணாம்."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னா பேச்சு இது" என்றார் இராமசாமி. "அந்தக் காலத்துல எங்க துணியெல்லாம் ஒங்க வீட்டுக் கையாலதானே வெளுத்துச்சு. யாரு தப்புன்னு சொன்னா?"

"எங்க கை ஒங்க துணியத் தொட்டுச்சு. எங்க துணியும் ஒங்க துணியும் ஒரு தொட்டியில கெடந்ததில்ல."

இராமசாமி வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

மரிய கொறற்றி எழுந்தார். "செவ்வாக்கிழம எனக்கு எழுதுங்க மிஸ்."

"நீங்க வேதக்காரங்க, ஒங்களுக்கு லேசு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"லேசுன்னு யாரு சொன்னா? எங்க கோயில்லயும் எந்த வாங்குல யாரு குந்துறதுன்னு எனக்குத் தெரியும். நான் நல்லவள்னு சொல்ல வரல. எம் பொண்ணோட சட்ட காயணும், அவ்வளவுதான். ஒங்க வீட்டுச் சட்ட நாறுனா நாறட்டும்."

சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களும் இருந்தார்கள். அட்டவணையைத் திரும்ப எழுதினேன். இருபத்தெட்டு வீட்டில் பதினொரு வீடு பெயர் கொடுத்தது. இராமசாமி வாங்கை விட்டு எழுந்து மழையிலேயே போனார். பங்கேற்பு வீழ்ச்சியா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஆம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் எழுதும் இடத்தில் இரண்டு வரிதான் இருந்தது. நோபர்ட் சாரிடம் வாயால் விளக்கினேன். அவர் அந்தக் குறிப் படத்தை இனிக் காட்ட மாட்டேன் என்றார்.

சிவலிங்கமும் கவ்வாத்து கேங்கில் மூன்று பேரும் பீலிக்கு மேலே தகரக் கூடாரம் அடித்தார்கள். முதல் திங்கட்கிழமை சந்திரகாந்தா வேலை முடிந்து தன் வீட்டுத் துணியோடு போனார். துவைத்தார், பிழிந்தார், தொட்டியைக் கழுவித் துடைத்தார், திறப்பை மரிய கொறற்றி வீட்டில் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து வந்தவர்கள் பலர் பீலிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனதாகக் கேள்வி. மரிய கொறற்றி துணியோடு வருகிறாரா என்று பார்க்கத்தான். வந்தார்.

நூல் குறிகளை அவரவரே பிரித்துக்கொள்ள வேண்டும் என்று சந்திரகாந்தா சொல்லிவிட்டார். சிலர் பிரித்தார்கள். சிலர் பிரிக்கவில்லை.

சடங்கு நடந்தது. இராமசாமி டவுனில் புதுத் துணி வாங்கி மாத்துக்கு வைத்தார். காலம் கெட்டுப்போயிற்று என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். லயத்தில் எல்லா வீட்டுக்கும் வெற்றிலை வைத்து அழைத்தார்கள், பீலிக்குக் கீழே இருந்த வீட்டுக்கு வைக்கவில்லை. நான் சந்திரகாந்தாவிடம் அதைப் பற்றி ஏதோ வருத்தமாகச் சொன்னேன்.

"கூப்புடாதது பரவாயில்ல மிஸ். கூப்புட்டிருந்தா எதுக்குன்னு யோசிக்கணும்."

நான் செய்தது உதவியா, உபத்திரவமா என்று அவரிடம் ஒரு முறை கேட்டேன். கேட்டது எனக்காகத்தான். அது அவருக்கும் தெரிந்தது. பால் கோப்பையைத் துடைக்கத் துணி எடுத்துத் தரச் சொன்னார்.

2008இல் திட்டம் முடிந்தது. அப்போது பதினேழு வீடு மிஷினைப் பாவித்தது. இராமசாமி வீடு வரவில்லை, அவர்கள் பீலியிலேயே அடித்துக்கொண்டார்கள். முடிவுப் படிவத்தில் ஒப்பம் வாங்க நான் காலையில் மடுவத்துக்குப் போயிருந்தேன். பெரட்டு மணி அடித்தது. இராமசாமியின் சின்ன மருமகள் புஷ்பகாந்தி பிள்ளையோடு படியேறி ஓடி வந்தாள்.

"ஆயம்மா, நேத்திலருந்து இருமுது. கசாயம் குடுத்தேன், துப்பிருச்சு. நீங்க குடுத்தா குடிக்கும்" என்று சொல்லிப் பிள்ளையைச் சந்திரகாந்தாவின் கையில் வைத்தாள்.

கசாயப் போத்தலை ஜன்னலில் வைத்துவிட்டு, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினாள். கரண்டி கொண்டு வரவில்லை. மூட்டையும் கொண்டு வரவில்லை.